முகிற்காட்டுப் பறவைகள் – ஒரு பார்வை

முன்னுரை

ஆடி மாதத்தில் சிவகாசியில் ஒரு வீட்டு மாடியில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு ஒரு காட்சி புலப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகள்மேல் வெண்முகில் கவிந்து கிடக்கும். அங்கே மழை பொழிந்துகொண்டிருக்கும். இங்கே புழுதிக்காற்று வீசிக்கொண்டிருக்கும். நாற்பது கிலோமீட்டருக்குள் இரண்டு உலகங்கள்! தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவும் முகடும் பருகிவிடுகின்றன. ஈரம் இழந்த காற்றே நம் பக்கம் இறங்குகிறது. ஆகவே நம் மாவட்டம் மழைமறைவு நிலமாயிற்று.

இந்த வறட்சியே நம் பகுதிக்குத் தொழிலையும் தந்தது. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்ட அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் முயற்சி சிவகாசியில் வேரூன்றியதற்கு, ஈரமற்ற இவ்வானிலை பெருந்துணை புரிந்தது. மருந்து காய வெயில் வேண்டும். அட்டை நமுத்துப் போகாதிருக்க வறண்ட காற்று வேண்டும். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வளர்ந்தது. எனவே மலையில் நிற்கும் முகிலுக்கும், நம் ஊரில் வெடிக்கும் வெடிக்கும் உறவு உண்டு எனலாம்.

அம்முகிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஒரு சரவெடியில் எத்தனை வெடிகள் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நம் மாணவர், அம்மலையில் வாழும் பறவைகளுள் பத்தின் பெயரைச் சொல்லத் தயங்குகின்றனர். அக்குறையைச் சிறிது போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தக்க வழிகாட்டியுடன் நான்கு நாள் செல்லும் ஒரு பறவை காணும் பயணத்தின் வழியே முகிற்காட்டின் இயல்பினையும், அதன் பறவைகளையும், அவை நமக்குச் சொல்லும் செய்தியினையும் காண்போம்.

காடும் அதன் காவலும்

திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களுக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் மலைக்காடு, 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டர். இதனை அடுத்து வடமேற்கே தேனி மாவட்டத்தில் அமைந்த மேகமலை, 2009இல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. இவ்விரண்டையும் உள்ளடக்கி 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்புடைய இது, தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆகும். மேற்கே கேரளத்தின் பெரியாறு காப்பகத்தோடு இக்காடு தொடர்கிறது.

அடிவாரத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் தொடங்கும் இந்நிலம், உச்சியில் 2000 மீட்டரை எட்டுகிறது. முட்புதர், இலையுதிர் காடு, பசுமை மாறாக் காடு, சோலைக்காடு, புல்வெளி எனப் படிப்படியாக நிலம் மாறுகிறது. படி மாறும்போதெல்லாம் பறவையும் மாறும். ஆகவே இம்மலையில் ஏறுவது பல நாடுகளைக் கடந்து செல்வதற்கு ஒப்பாகும்.

பயணத்திற்கு முன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் இப்பயணத்திற்கு ஏற்றவை. வடநாட்டிலிருந்து வலசை வந்த பறவைகளும் அப்பொழுது இங்கே தங்கியிருக்கும். கோடைக் காட்டுத்தீயின் அச்சமும் இன்னும் தொடங்கியிராது. வனத்துறையின் முன் இசைவு இன்றியமையாதது. அவர்கள் காட்டும் பாதையும் குறிக்கும் நேரமும் நம் பாதுகாப்புக்கு மட்டுமன்றிக் காட்டின் அமைதிக்கும் உரியவை.

எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் இருகண் நோக்கி ஒன்று, குறிப்பேடு ஒன்று, பச்சை அல்லது பழுப்பு நிற ஆடை, அட்டைக் கடிக்குக் காலை மூடும் உறை ஆகியன போதும். பறவையைக் கண்டவுடன் நூலைப் புரட்டுதல் கூடாது. குருவியளவா, மைனாவளவா, காக்கையளவா என்று முதலில் அளவைக் குறித்தல் வேண்டும். பின்னர் அலகின் வடிவு, வாலின் நீளம், இருந்த கிளையின் உயரம், செய்த தொழில் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். நூல் காத்திருக்கும், பறவை காத்திராது.

வழிகாட்டியின் துணை இல்லாமல் காட்டில் கண் இருந்தும் பயனில்லை. இம்மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு முதலிய இடங்களில் வாழும் பளியர் பழங்குடியினர், தேனும் கிழங்கும் தேடித் தலைமுறை தலைமுறையாக இக்காட்டில் நடந்தவர்கள். கிளை அசையும் விதம் கண்டு அணிலா, குரங்கா, பறவையா எனக் கூறவல்லவர்கள். நூலறிவு உடையோர் அவர்கள் பின்னே நடப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

முதல் நாள்: அடிவாரம்

செண்பகத்தோப்பின் மாந்தோப்புகளும் ஓடைக்கரை மரங்களும் முதல் வகுப்பறை. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய உயர்ந்த மரங்களில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டும். தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவுவதால், மேற்கவிகை அறுந்தால் அதன் வழியும் அறுந்துவிடும். ஒரு மரத்தை வெட்டுவது அதற்கு ஒரு பாலத்தை இடிப்பதற்குச் சமம்.

வறண்ட வெளியில் மயில், கௌதாரி, மைனா, பனங்காடை ஆகியன தென்படும். தலையில் விசிறி போன்ற கொண்டையுடன் தரையைக் கொத்தித் திரியும் கொண்டலாத்தியையும் காணலாம். இப்பறவைதான் அறபு மொழியில் ஹுத்ஹுத் எனப்படுகிறது. திருக்குர்ஆனின் 'அந்நம்ல்' அத்தியாயத்தில், நபி சுலைமான் (அலை) அவர்களிடம் ஸபா நாட்டு அரசியைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்த பறவை இதுவே. மறையில் பயின்ற பெயர் நம் ஊர்க் கரிசல் ஓரத்தில் நடந்து திரிகிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

மாலை ஆறு மணி அளவில் புதர்க்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று எழும். அது ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், வெள்ளை, சிவப்பு என ஒன்பது வண்ணம் கொண்டது என்பதால் வடநாட்டார் இதனை நவரங் என்பர். நம்மவரோ அது குரல் கொடுக்கும் பொழுதைக் கொண்டு பெயரிட்டனர். வட இந்தியாவில் கூடு கட்டிக் குளிர்காலத்தில் தெற்கே வரும் இப்பறவை, விடியற்பொழுதிலும் அந்திப்பொழுதிலும் கூவுவது வழக்கம். ஒரு பெயருக்குள் எத்துணை உற்றுநோக்கல் அடங்கியிருக்கிறது! பி.எல். சாமி போன்றோர் சங்க இலக்கியப் புள்ளினங்களை ஆராய்ந்தமை தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. ஊர்ப்புறத்தில் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுக்கும் பணியோ இன்னும் எஞ்சியுள்ளது.

இரண்டாம் நாள்: ஓடையும் பசுங்காடும்

ஓடையை ஒட்டி மேலே ஏறினால் காற்று குளிர்கிறது, ஒலியும் மாறுகிறது. நீரோசையை ஊடறுத்து ஒரு சீழ்க்கை கேட்கும். பாட்டை மறந்துவிட்ட சிறுவன் ஒருவன் வாய்க்கு வந்தபடி சீழ்க்கை அடிப்பது போலிருக்கும். பாறைமேல் கருநீல நிறத்தில் அமர்ந்திருக்கும் சீகாரப் பூங்குருவியின் குரல் அது. ஆங்கிலேயர் இதனைச் 'சீழ்க்கையடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்று அழைத்தது பொருத்தமே.

இக்காட்டில் அரைமணி நேரம் ஒரு பறவையும் தென்படாதிருக்கும். பின்னர் திடீரென்று பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் ஒருங்கே வந்து சேரும். அவை கலப்புக் கூட்டமாக இரைதேடும் பறவைகள். ஒன்று இலையில் புழு தேடும். ஒன்று பட்டையில் பூச்சி தேடும். மற்றொன்று பறந்து எழும் ஈயைப் பிடிக்கும். ஒருவர் கலைக்கும் பூச்சி மற்றவர்க்கு உணவாகும். பருந்து வந்தால் பல கண்களில் ஒரு கண்ணிலாவது படும். இக்கூட்டத்தில் பெரும்பாலும் துடுப்புவால் கரிச்சான் இருக்கும். பிற பறவைகளின் குரலை ஏற்று ஒலிக்க வல்ல அது, எதிரியைக் கண்டால் அஞ்சாது கூவி எச்சரிக்கும். காவல் செய்த கூலியாகச் சில வேளை பிறர் இரையையும் பறித்துக்கொள்ளும். வேறுபட்டவை சேர்ந்து வாழ்வதில் உள்ள நன்மையைக் கூட்டுறவுப் பாடமாகக் காடு நடத்துகிறது.

நிழல் அடர்ந்த இடத்தில் அசையாது அமர்ந்திருக்கும் செம்மார்புத் தீக்காக்கையும், தரையோரம் மின்னல் போல் பறக்கும் மரகதப்புறாவும் இந்நாளின் பரிசுகள். மரகதப்புறா தமிழகத்தின் மாநிலப் பறவை என்பது பலர் அறிந்த செய்தி. அதனைக் காட்டில் கண்டோர் சிலரே.

மூன்றாம் நாள்: முகிலை நோக்கி

திருவில்லிபுத்தூர் மலையும் மேகமலையும் ஒரே காப்பகம். ஆயினும் முகட்டைக் கடந்து செல்லப் பொதுவழி கிடையாது. டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாக மலையைச் சுற்றிச் சென்று சின்னமனூரை அடைதல் வேண்டும். அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள் விரிகின்றன. இம்மலையைப் பச்சைக்கூமாச்சி என்பது பழைய வழக்கு; ஆங்கிலேயர் ஹைவேவிஸ் என்றனர்; மேகமலை என்பதே இன்று நிலைத்துவிட்டது.

இங்கே தேயிலைக்கும் மலையுச்சிக்கும் இடைப்பட்ட மடிப்புகளில் சோலைகள் உள்ளன. முகிற்காடு என்று அறிவியலார் கூறும் காட்டின் இயல்பை இச்சோலைகளில் காணலாம். குளிரும் காற்றும் மிகுதியாதலால் மரங்கள் குட்டையாகவும் முறுக்கேறியும் நிற்கின்றன. கிளையெல்லாம் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும் போர்த்தியிருக்கின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருக்கும். காரணம் யாது? தவழ்ந்து செல்லும் முகிலின் நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் படிந்து, திரண்டு, சொட்டுகின்றன. இங்ஙனம் மரமே முகிலைச் சல்லடையாக அரித்து நீரைப் பெறுகிறது. சருகும் வேரும் செறிந்த மண் அந்நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிக் கோடையிலும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது.

வைகையின் தலைநீர் இம்மலைத் தொகுதியிலிருந்தே வருகிறது. கிழக்கே நம் பக்கத்தில் பிளவக்கல் அணைகளுக்கும் வைப்பாற்றுக்கும் நீர் தருவதும் இதே மலைத்தொடரே. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். வானின் சிறப்பைத் தாங்கி நிற்கும் காட்டின் சிறப்பையும் நாம் அதனோடு சேர்த்துப் படித்தல் நலம்.

நான்காம் நாள்: சோலைக்கிளியும் சலீம் அலியும்

விடியுமுன் சோலையின் விளிம்பில் அமர்ந்திருத்தல் வேண்டும். பனித்திரை விலகுமுன்னே குரல்கள் தொடங்கும். தரையோரப் புதரில் கருநீல உடலும் வெண்வயிறும் கொண்ட சிறு பறவை ஒன்று தத்தித் தத்தி வரும். இது சோலைக்கிளி. கிளி இனத்தைச் சேர்ந்ததன்று. மக்கள் வழக்கில் அமைந்த பெயர். 2017இல் அறிஞர்கள் இப்பறவைக்குப் புதிய பேரினப் பெயர் வகுத்தபோது, சோலை என்னும் நம் சொல்லையே அடிப்படையாகக் கொண்டு 'ஷோலிகோலா' என்றனர். உலக அறிவியல் ஏட்டில் ஒரு சொல்லாக நம் சோலை இடம்பெற்றமை தமிழ்த்துறையார் மகிழத்தக்கது.

இதன் வரலாறு வியப்புக்குரியது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் சோலைக்கிளி ஓர் இனம். தெற்கே வாழ்வது வேறோர் இனம். கணவாயின் வெப்பத் தாழ்நிலத்தைக் குளிர்விரும்பிப் பறவை கடவாது. இடைவெளி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆயினும் சோலைப் பறவைக்கு அது கடல். நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தமையால் இனமே வேறாயிற்று. சிலம்பன் வகையிலும் அவ்வாறே. பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடையில் வாழ்வது பழனிச் சிலம்பன். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அசம்பு மலையில் வாழ்வது வேறு சிலம்பன். இம்மலையுச்சிகள் வானத்தில் மிதக்கும் தீவுகள் எனலாம். புவி வெப்பமுற்றால் தாழ்வில் வாழும் பறவை மேலே ஏறித் தப்பலாம். உச்சியில் வாழும் பறவை எங்கே ஏறும்?

கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த சிறு ஈப்பிடிப்பான், கருநீல நீலகிரி ஈப்பிடிப்பான், கழுத்தில் சதுரங்கக் கட்டம் போன்ற குறியுடைய நீலகிரிக் காட்டுப்புறா ஆகியன அன்று காலை காணத்தக்கவை. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் இவற்றிற்கு உலகில் வேறு வீடு இல்லை.

பெருமரங்களின்மேல் வண்டி இழுப்பது போன்ற சிறகோசை கேட்டால் இருவாச்சி வருகிறது என்று பொருள். பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலைத் தானே அடைத்துக்கொண்டு, அலகு நுழையுமளவு பிளவு மட்டும் விட்டு அடைகாக்கும். ஆண்பறவை வாரக்கணக்கில் அத்திப்பழம் முதலியவற்றைக் கொண்டுவந்து ஊட்டும். ஆணை வேட்டையாடினால் உள்ளே அடைபட்ட குடும்பமும் இடர்ப்படும். உண்ட பழத்தின் விதைகளைக் காடெங்கும் இடுவதால், இருவாச்சியைக் காட்டின் உழவன் எனலாம்.

இவ்விடத்தில் பறவையியல் அறிஞர் சலீம் அலியை நினையாமல் அப்பால் செல்ல இயலாது. 1896இல் மும்பையில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமனின் வீட்டில் வளர்ந்தவர் அவர். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்று இருந்தது. வழக்கமான குருவியாக இல்லாமையால், அதனை உண்பது மார்க்கத்தில் ஆகுமோ என்ற ஐயம் எழுந்தது. மாமனிடம் கேட்டார். மாமன் அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லார்டு காட்டிய பறவைத் தொகுதிகள் அச்சிறுவனின் வாழ்வையே திருப்பிவிட்டன. ஹலாலா என்ற ஒரு கேள்வியில் தொடங்கிய தேடல், 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய நூலாகவும், டில்லன் ரிப்ளியுடன் எழுதிய பத்துத் தொகுதிக் கையேடாகவும் விரிந்தது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் அவர் பறவைகளை ஆய்ந்தார். 1987இல் மறைந்த அவர் பெயரால் கோயம்புத்தூரில் ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது.

மேகமலைக்கும் அவர் பெயருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1948இல் இத்தோட்டப் பகுதியில் வாழ்ந்த இயற்கை ஆர்வலர் அங்கஸ் ஹட்டன் பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்து மும்பைக் கழகத்திற்கு அனுப்பினார். சாதாரண வௌவால் எனக் கருதப்பட்டு அது பெட்டியில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை ஆராய்ந்து, உலகம் அறியாத புதிய பேரினம் எனக் கண்டு, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். நம் மலையில் வாழ்ந்த உயிரை நாம் அறிய 24 ஆண்டுகள் ஆயின. இன்னும் அறியாதவை எத்தனையோ!

வெடியோசையும் சிறகோசையும்

நான்கு நாள் அமைதியில் இருந்து ஊர் திரும்புவோர்க்கு முதலில் உறைப்பது ஒலி. நம் மாவட்டம் ஒலியை விற்று வாழும் மாவட்டம். அதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. பட்டாசுத் தொழிலாளரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்தம் கட்டணம் அந்த மருந்து படிந்த கைகளால் ஈட்டியது. ஆகவே பறவையின் பெயரால் அக்கைகளைப் பழித்தல் அறமாகாது. ஆனால் ஒலியை விற்பவனே ஒலி எங்கே ஆகாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது, 1977இல் அறிவிக்கப்பெற்றது. அதனை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறையும். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வக்காவும் வந்து கூடு கட்டத் தொடங்கும். தீபாவளியும் அப்பொழுதே வருகிறது. ஒரு வெடியில் தாய்ப்பறவைகள் ஒருசேர எழுந்து பறந்தால், முட்டைகள் காக்கைக்கு இரையாகும். கூட்டையே கைவிடுவதும் உண்டு. இதனை எந்தச் சட்டமும் அவ்வூரார்க்குக் கற்பிக்கவில்லை. தம் பிள்ளைகளுக்கு, 'பறவை நம்மை நம்பி வந்திருக்கிறது' என்று அவர்கள் சொல்லி வளர்க்கின்றனர். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தாரும் இவ்வழியே நடக்கின்றனர்.

2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இசைவளித்து, வெடிக்கும் நேரத்தையும் வரையறுத்தது. அதனால் நம் தொழில் உற்ற இடரை இங்குள்ளோர் அனைவரும் அறிவர். சட்டம் வந்து தடுக்குமுன் நாமே எல்லை வகுத்துக்கொள்வது தொழிலுக்கும் நன்று. ஒலி குறைந்து ஒளி மிகுந்த வகைகளைச் செய்யும் திறன் சிவகாசிக்கு உண்டு. காட்டோர ஊர்களிலும் பறவை தங்கும் கண்மாய்க் கரைகளிலும் வெடி வேண்டா என்ற சொல் சிவகாசியிலிருந்தே புறப்பட்டால், அதன் மதிப்புப் பன்மடங்கு ஆகும். கொள்ளுக்குடிப்பட்டி என்னும் சிற்றூர் வெடி வாங்காமையால் நம் தொழில் நலியவில்லை. அங்கே பறவைகள் பெருகின.

முடிவுரை

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றொரு பகுதி உண்டு. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பால் ஊட்டி வர விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்காகத் தாமே பிணை நிற்கிறார்கள். பேசாத உயிரின் பொருட்டு ஒருவர் முன்வந்து நிற்பது என்பதே அப்படலத்தின் உயிர்நிலை. முகிற்காட்டுப் பறவைகளுக்காக இன்று பிணை நிற்க வேண்டியவர், அம்மலையின் நீரை அருந்தும் நாம்.

அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவர் குழு வழிகாட்டியுடன் மலை ஏறட்டும். பறவைகளின் ஊர்ப்பெயர்களைப் பளியரிடமும் உழவரிடமும் கேட்டு எழுதட்டும். கூடு கட்டும் பறவையின் அருகே செல்லாமலும், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து அதனை ஏய்க்காமலும் திரும்பட்டும். பத்து ஆண்டுகளில் அக்குறிப்பேடுகளே ஒரு நூலாகும்.

பறவைகளைப் பார்வையிட்ட சுலைமான் நபி (அலை) அவர்கள், ஹுத்ஹுத் ஒன்று இல்லாமையைக் கண்டு வினவினார்கள் என்கிறது மறை. அத்துணைப் பெரிய அரசில் ஒரு சிறு பறவை குறைந்ததும் அரசருக்குத் தெரிந்தது. நம் மலையில் நாளை ஒரு பறவை குறைந்தால், அது குறைந்தது என்று சொல்ல நம்மிடையே ஒருவராவது இருத்தல் வேண்டும்.